பிறன் என்றால் அசலானா, பங்காளியா? லூக்கா 10 பற்றி ஒரு கேள்வி

இட்டேரி | செவ்வாய், இரவு 9:40

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். சென்னிமலைக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்து வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் வேதபாடம் நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். பாதிப் பேர் தறி ஓட்டுகிறவர்கள், மீதி காடு தோட்டம் பார்க்கிறவர்கள். போன வாரம் நல்ல சமாரியன் பகுதி. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற வழியில் கள்ளர் அடித்துப் போட்ட ஒருவனை ஆசாரியனும் லேவியனும் கண்டும் விலகிப் போக, யூதருக்கு ஆகாத ஒரு சமாரியன் தூக்கிக் காப்பாற்றுகிற கதை. "எனக்குப் பிறன் யார்" என்று ஒரு நியாயசாஸ்திரி, அதாவது வேதச் சட்டம் படித்தவன், கேட்டதற்கு இயேசு சொன்னது. ஓய்வுநாள் பள்ளியிலிருந்து கேட்டுப் பழகிய கதை, அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை.

எங்கள் கூட்டத்தில் எழுபது தாண்டிய ஒருவர் இருக்கிறார். எல்லோரும் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவோம். வேதத்தை நான்கு முறை முழுதாக வாசித்தவர். வடமாநிலத்தில் ஊழியம் செய்கிற ஒரு குடும்பத்துக்கு மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறார். "உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோலப் பிறனிடத்திலும்" என்று நான் வாசித்ததும் அவர் கேட்டது இது:

"அம்மிணி, பிறன்னா அசலான் தானுங்கே? அசலானுக்கு நான் செஞ்சுட்டுத்தான் இருக்கறேன். பங்காளிய நேசின்னு இதுல எங்க எழுதியிருக்குது?"

அவருக்கும் அவர் தம்பி குடும்பத்துக்கும் பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை. கூட்டுக் கிணறு. ஆளுக்குப் பாதி பாத்தியம், மின் இணைப்பு மட்டும் பெரியவர் பேரில். முறை வைத்து மோட்டார் ஓட்டுவதில் வந்த தகராறு, தம்பி இறந்த பிறகும் தீரவில்லை. தம்பி மகன் வேலிக்கு அந்தப் பக்கம் 900 அடிக்கு ஆழ்துளை போட்டு, தண்ணீர் வராமல் கடனில் நிற்கிறார். இதெல்லாம் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அவர் கேட்டதும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எனக்கும் பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் பெரியப்பா என்று சொல்லிவிட்டேன். அவர் விதண்டாவாதம் பேசுகிறவர் அல்ல. அந்தச் சொல்லை அப்படித்தான் இத்தனை வருடம் வாசித்திருக்கிறார். உதவி செய்யுங்கள்.

---

ஜெபமாலை | செவ்வாய், இரவு 10:25

சகோதரி, நான் கருமத்தம்பட்டிப் பக்கம், கத்தோலிக்கன். எங்கள் கையில் இருக்கிற திருவிவிலியத்தில், அதாவது 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில், அந்த இடத்தில் பிறன் என்ற சொல்லே இல்லை. "எனக்கு அடுத்திருப்பவர் யார்?" என்றுதான் சட்ட அறிஞர் கேட்கிறார். லூக்கா எழுதிய கிரேக்கச் சொல் பிளேசியோன். பக்கத்தில் இருப்பவர் என்று பொருள். அந்தக் கணக்கில் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தம்பி மகனை விட அடுத்திருப்பவர் வேறு யார்?

ஆனால் எங்களுக்கு இதில் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்திருப்பவர் என்றே கேட்டுக் கேட்டு, தெருக்காரர், ஒரே பங்குக் கோவிலுக்கு வருகிறவர், அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்து ஜெபக் குழுவில், கூட ஜெபம் சொல்கிறவர் என்று அந்த வட்டத்திலேயே நின்றுவிடுகிறோம். உங்கள் பெரியவருக்குப் பக்கத்தில் இருப்பவர் விடுபட்டுப் போனார். எங்களுக்குத் தூரத்தில் இருப்பவர் விடுபட்டுப் போகிறார்.

---

பெரேயா வாசகன் | புதன், காலை 6:10

நல்ல கேள்வி. பெரியவரைக் குறை சொல்ல முடியாது. பிறன் என்றால் தமிழில் மற்றவன், நமக்கு உரியவன் அல்லாதவன். குறளில் பிறனில் விழையாமை என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. பிறன் இல் என்றால் வேறொருவன் மனைவி. நாம் பயன்படுத்துகிற பழைய மொழிபெயர்ப்பு ஹென்றி பவர் தலைமையில் 1871-இல் வந்தது. அந்தக் காலத்தில் பிறன் என்று போட்டதில் தப்பில்லை. இன்று காதில் விழுகிறபோது அது அசலான் என்று கேட்கிறது.

இயேசுவிடம் நியாயசாஸ்திரி சொன்ன வசனம் லேவியராகமம் 19:18. அங்கே உள்ள எபிரெயச் சொல் ரேயா. நண்பன், கூட இருப்பவன், பக்கத்தில் இருப்பவன், சும்மா "இன்னொருத்தன்" என்று எல்லாவற்றுக்கும் அது வரும். யாத்திராகமம் 11:2-இல் இஸ்ரவேலர் எகிப்தியரிடம் வெள்ளியும் பொன்னும் கேட்கிற இடத்திலும் அதே சொல்தான். அங்கே நம் மொழிபெயர்ப்பு "அயலான்" என்கிறது. ஒரே எபிரெயச் சொல் ஒரு இடத்தில் பிறன், இன்னொரு இடத்தில் அயலான். தமிழில் இந்த அயல் என்ற சொல்லைப் பாருங்கள். பக்கத்து வீடும் அயல்தான், அந்நிய தேசமும் அயல்தான். நம் பக்கம் அசலூடு என்றால் அடுத்த வீடு. அசலூரு என்றால் வேற்றூர். அதே குழப்பம், அதே வளம்.

இனி பெரியவரின் கேள்விக்கு நேராக வருகிறேன். 18-ஆம் வசனத்தைத் தனியாகப் பிடுங்கி எடுக்காமல் 17-இலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். "உன் சகோதரனை உன் உள்ளத்தில் பகையாயாக", அதாவது பகைக்காதே, என்று அது தொடங்குகிறது. அப்புறம் பிறனைக் கடிந்துகொள்ள வேண்டும் என்கிறது. அப்புறம்: "பழிக்குப்பழி வாங்காமலும் உன் ஜனப்புத்திரர்மேல் பொறாமைகொள்ளாமலும், உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக, நான் கர்த்தர்." சகோதரன், பிறன், சொந்த ஜனம் என்று மூன்று சொல்லும் ஒரே மூச்சில் வருகின்றன. பங்காளி எங்கே என்று கேட்டால், அவன்தான் முதல் வரியிலேயே நிற்கிறான். கட்டளையே அவனிடமிருந்துதான் புறப்படுகிறது.

---

கிருபை பவானி | புதன், காலை 11:05

பெரேயா அண்ணன் சொன்னது சரி. ஆனால் இவ்வளவு மொழி ஆராய்ச்சி எதற்கு? மத்தேயு 5:23, 24 இருக்கிறதே. பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு, "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி" வா என்று ஆண்டவரே சொல்லிவிட்டார். அந்தப் பெரியவர் வடக்கே அனுப்புகிற பணம் எத்தனை வருடமாகப் பலிபீடத்துக்கு முன்னால் கிடக்கிறது? அதைச் சொல்லிவிட்டால் முடிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல்ல சமாரியன் பகுதியை எல்லோரும் சமூக சேவைப் பாடமாக ஆக்கிவிட்டார்கள். அடிபட்டுக் கிடப்பவன் நாம். ஆசாரியனும் லேவியனும் நம்மைத் தூக்கிவிட முடியாத நியாயப்பிரமாணம். சமாரியன் இயேசு. ஆதித் திருச்சபைப் பிதாக்கள் அப்படித்தான் வாசித்தார்கள். அகஸ்டின் சத்திரத்தைச் சபை என்றே சொல்கிறார். யோவான் 8:48-இல் யூதர்கள் இயேசுவை "சமாரியன்" என்று ஏசுகிறார்களே, அதையும் பாருங்கள். கிருபையைப் பெற்றுக்கொள்வதுதான் இந்தக் கதை. செய்வது அப்புறம்.

---

இட்டேரி | புதன், மதியம் 2:30

பவானி அண்ணா, மத்தேயு 5 எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் பத்துப் பேர் நடுவில் அந்த வசனத்தை எடுத்தால் அது அவர் நெற்றியில் எறிகிற கல்லாகிவிடும். அவர் எழுந்து போய்விடுவார். அதன் பிறகு நான் அவரிடம் எதையும் வாசிக்க முடியாது. அவர் கேள்வி கேட்டிருக்கிறார். கேட்கிறவருக்குப் பதிலாகத்தான் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பெரேயா அண்ணா, 17-ஆம் வசனத்துக்கு மிகவும் நன்றி. குறித்துக்கொண்டேன்.

---

அமராவதி டீச்சர் | புதன், மாலை 6:50

தாராபுரத்திலிருந்து எழுதுகிறேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியை.

பவானித் தம்பி சொன்ன ஒரு விஷயத்தை நான் விடமாட்டேன்: "அடிபட்டுக் கிடப்பவன் நாம்." நானும் அந்தக் கதையை அங்கிருந்துதான் வாசிக்கிறேன். ஆனால் ஆத்துமா என்று மேலே போய்விடாமல், அந்த ரோட்டோரத்திலேயே கொஞ்ச நேரம் இருங்கள்.

அடிபட்டவன் யூதன் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எண்ணியிருப்பார்கள். எருசலேமிலிருந்து இறங்குகிறவன். அவன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தது ஒரு சமாரியன் கை. யோவான் 4:9 என்ன சொல்கிறது? "யூதர்கள் சமாரியருடனே சம்பந்தங்கலவாதவர்கள்." சம்பந்தம் என்ற சொல்லை நம் ஊரில் எதற்குச் சொல்வோம் என்று உங்களுக்கே தெரியும். கொள்வினை கொடுப்பினை கிடையாது, கை நனைப்பது கிடையாது. அப்படிப்பட்டவன் தொட்டுத் தூக்குகிறான், தன் கழுதையில் ஏற்றுகிறான். தெளிந்து எழுந்தவன் அந்தக் கையை ஏற்றுக்கொள்வானா, மாட்டானா?

என் அப்பிச்சி, அம்மாவின் அப்பா, டீக்கடையில் கொட்டாங்குச்சியில் டீ வாங்கிக் குடித்தவர். கிறிஸ்தவர் ஆன பிறகும்தான். கோயிலுக்குள் வந்தபோது அவருக்குப் பாய் கடைசியில் இருந்தது. யாரும் கெட்ட வார்த்தை சொல்லவில்லை. இடம் மட்டும் அங்கே இருந்தது. யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தில், பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், தரித்திரனுக்கு "நீ அங்கே நில்லு" என்று வருகிறதே, அந்த அதிகாரத்தை அவர் மனப்பாடமாகச் சொல்வார். அதில்தான் பிறனிடத்தில் அன்புகூரு என்பதை "ராஜரீக பிரமாணம்" என்று யாக்கோபு சொல்கிறார். அடுத்த வசனத்திலேயே, பட்சபாதம் பண்ணினால் பாவம் என்கிறார். அன்பும் உட்காருகிற இடமும் அங்கே சேர்ந்தேதான் வருகின்றன.

அதனால் பிறன் யார் என்று நாம் இங்கே உட்கார்ந்து முடிவு செய்கிறபோது எனக்கு ஒரு வருத்தம் வருகிறது. எங்களைப் பிறன் என்று வைத்தவர்களும் அதே வேதத்தைத்தான் வாசித்தார்கள். சொல்லுக்குப் பொருள் தெரியாததால் நடந்தது அல்ல அது.

---

கிருபை பவானி | புதன், இரவு 8:15

டீச்சர் அம்மா, உங்கள் அப்பிச்சி பற்றி எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். எங்கள் அப்பாரு உட்கார்ந்த இடம் முன்வரிசை. அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மன்னிக்க வேண்டும்.

---

நொய்யல்கரை | புதன், இரவு 11:20

ஜெபமாலை அண்ணன் "தூரத்தில் இருப்பவர் விடுபட்டுப் போகிறார்" என்று எழுதியதிலிருந்து தூக்கம் வரவில்லை.

நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தேன். காலையில் வேலை தொடங்குவதற்கு முன் நானும் இன்னும் மூன்று விசுவாசிகளும் ஜெபிப்போம். சம்பளத்தில் தசமபாகம் கொடுத்தேன். கூட வேலை செய்தவர்களில் யாருக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்றாலும் முதல் ஆளாக நின்றேன். மழை பெய்தால் சாயத் தண்ணியை நொய்யலில் திறந்துவிடச் சொல்வார்கள். திறந்துவிட்டதும் நான்தான்.

அந்தத் தண்ணீர் முப்பது கிலோமீட்டர் கீழே ஒரத்துப்பாளையம் அணையில் போய் நின்றது. விவசாயத்துக்காக 1992-இல் கட்டிய அணை. அந்தத் தண்ணீரை வயலுக்கு விட முடியாமல் போயிற்று. என் அத்தை வீடு அந்தப் பக்கம். கிணற்றுத் தண்ணீரை மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும் என்று அத்தை சொல்வார். தென்னை குருத்திலேயே கருகியது. அத்தைக்கு நான் அங்கே என்ன வேலை செய்கிறேன் என்று தெரியும். ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, வேலை போயிற்றே என்றுதான் அழுதேன்.

எருசலேமிலிருந்து எரிகோ எவ்வளவு தூரம் என்று பிறகு ஒரு நாள் பார்த்தேன். ஏறக்குறைய 27 கிலோமீட்டர், முழுக்க இறக்கம். கிட்டத்தட்ட நான் திறந்துவிட்ட தண்ணீர் போன தூரம். ஆசாரியனும் லேவியனும் கண்ணால் பார்த்துவிட்டு விலகிப் போனார்கள். நான் பார்க்கக்கூட இல்லை. குழாயின் இந்த முனையில் இருந்தேன்.

---

பெரேயா வாசகன் | வியாழன், காலை 6:30

நொய்யல் தம்பி, மனதார எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஆனாலும் ஒரு சந்தேகத்தைக் கேட்டுவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லோரும் பிறன் என்று விரித்துக்கொண்டே போனால், கடைசியில் ஒருவரும் பிறன் இல்லை என்று ஆகிவிடாதா? நீதிமொழிகள் 27:10 "தூரத்திலுள்ள சகோதரனிலும் சமீபத்திலுள்ள அயலானே வாசி" என்கிறது. அன்பு என்பது ஒரு முகத்தைப் பார்த்துச் செய்வது. சாயத் தண்ணீரை நிறுத்துவது நியாயம், சட்டம். அதை அன்பு என்று சொல்ல வேண்டுமா?

---

பனியன் தம்பி | வியாழன், காலை 9:50

ஷிப்ட் இடைவேளையில் எழுதுகிறேன், சுருக்கமாக. லேவியராகமம் 19 முழுவதையும் நேற்று இரவு வாசித்தேன். 13-ஆம் வசனம்: "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது." எங்களுக்குச் சனிக்கிழமை சம்பளம். லைனில் என் பக்கத்தில் ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன். காண்டிராக்டர் இரண்டு வாரமாக அவனுக்கு மட்டும் "அடுத்த வாரம்" என்கிறார். அவனுக்குத் தமிழில் சண்டை போடத் தெரியாது. அதே அதிகாரம் 34-இல் அந்நியனைச் சுதேசி போல எண்ணி, நீங்கள் உங்களில் அன்புகூருகிறது போல அவனிலும் அன்புகூருங்கள் என்று வருகிறது. 18-இல் பிறனுக்குச் சொன்ன அதே வார்த்தை. காரணமும் சொல்கிறது: நீங்களும் எகிப்தில் அந்நியராயிருந்தீர்களே.

பெரேயா அண்ணா, கூலியும் தராசும் படிக்கல்லும் எல்லாம் அந்த ஒரே அதிகாரத்தில் இருக்கிறதே. நியாயம் வேறு, அன்பு வேறு என்று அந்த அதிகாரத்துக்கே தெரியவில்லை போலிருக்கிறது.

---

பெரேயா வாசகன் | வியாழன், காலை 10:30

சரி தம்பி. இதில் நான் விட்டுக்கொடுக்கிறேன். 9, 10-ஆம் வசனங்களில் அறுக்கும்போது வயல் ஓரத்தை எளியவனுக்கு விட்டுவிடச் சொல்வதும் அங்கேதான். முகம் தெரியாதவனுக்காக விடுகிற ஓரம் அது. நான் 17-இலிருந்து வாசியுங்கள் என்று சொன்னேன். முதல் வசனத்திலிருந்தே வாசிக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஒடிசாப் பையனுக்கு நீங்கள் யாராவது கூடப் போய்க் கேட்டீர்களா?

---

பனியன் தம்பி | வியாழன், காலை 10:34

இந்தச் சனிக்கிழமை போகிறேன்.

---

இட்டேரி | வியாழன், மாலை 5:15

டீச்சர் அம்மா யோவான் 4:9 சொன்னதால் அந்த அதிகாரத்தை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தேன். 12-ஆம் வசனத்தில் நின்றுவிட்டேன். கிணற்றடியில் இயேசுவோடு பேசுகிற அந்தச் சமாரிய ஸ்திரீ யாக்கோபை "நம்முடைய பிதா" என்கிறாள், அவர்தான் இந்தக் கிணற்றை எங்களுக்குக் கொடுத்தார் என்கிறாள், அவரும் அவர் பிள்ளைகளும் அவர் மிருகஜீவன்களும் இதிலே குடித்ததாகச் சொல்கிறாள். எதிரே உட்கார்ந்திருப்பவர் யூதர். யாக்கோபு அவருக்கும் பிதாதானே?

அப்படியானால் இது கூட்டுக் கிணறு. இரண்டு பேருக்கும் ஒரே பாட்டன். இத்தனை வருடம் சமாரியன் என்றால் யாரோ வேற்று ஜாதி, வேற்று மதம் என்றுதான் நினைத்து வைத்திருக்கிறேன். நான் வாசிப்பது சரியா?

---

பெரேயா வாசகன் | வியாழன், மாலை 6:40

அம்மா, சரியாகத்தான் வாசித்திருக்கிறீர்கள். எனக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

சமாரியர் தங்களை எப்பிராயீம், மனாசே கோத்திரத்து வழி என்று சொல்கிறார்கள். அதாவது யோசேப்பின் பிள்ளைகள். மோசேயின் ஐந்து புத்தகங்கள் அவர்களுக்கும் வேதம். தொழுகிற இடம் யூதர்களுக்கு எருசலேம், இவர்களுக்குக் கெரிசீம் மலை. இவர்கள் யோசேப்பின் வழி என்பதை யூதர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 2 இராஜாக்கள் 17-இன்படி, அசீரிய ராஜா வெளியிலிருந்து கொண்டுவந்து குடியேற்றினவர்கள் என்பார்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், ஒருவர் "நானும் பங்காளிதான், எனக்கும் பாத்தியம் உண்டு" என்கிறார், மற்றவர் "நீ வந்தேறி, உனக்கு இங்கே ஒன்றுமில்லை" என்கிறார். கிமு இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் யூதரை ஆண்ட பிரதான ஆசாரியன் ஜான் ஹிர்கானஸ் கெரிசீம் மலைக்கோவிலை இடித்தான். அதன் பிறகு சேரவே இல்லை. முழு அந்நியனோடு இவ்வளவு பகை வராது. பாகப்பிரிவினையில்தான் வரும்.

லூக்கா 9-ஐயும் பாருங்கள், நல்ல சமாரியனுக்கு ஒரே ஒரு அதிகாரம் முன்னால். ஒரு சமாரிய கிராமம் இயேசுவை ஏற்றுக்கொள்ளவில்லை. யாக்கோபும் யோவானும் வானத்திலிருந்து அக்கினி இறங்கட்டுமா என்று கேட்டார்கள். இயேசு அவர்களை அதட்டினார். அந்தப் பேச்சு நடந்து சில நாளில் சொல்லப்பட்ட கதையாக இருக்கலாம் இது. சீஷர்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

இன்னொரு பழைய சம்பவம் இருக்கிறது. 2 நாளாகமம் 28. ஆகாஸ் ராஜா காலத்தில் வடக்கே இருந்த இஸ்ரவேலர் யூதாவோடு சண்டை போட்டு, இரண்டு லட்சம் பேரைச் சமாரியாவுக்குச் சிறைபிடித்துக்கொண்டு வருகிறார்கள். ஓதேத் என்ற தீர்க்கதரிசி வழியில் நின்று, இவர்கள் உங்கள் சகோதரர், திருப்பி அனுப்புங்கள் என்கிறான். அப்புறம் நடந்ததை 15-ஆம் வசனத்தில் பாருங்கள். வஸ்திரம் கொடுத்தார்கள், சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தார்கள், எண்ணெய் பூசினார்கள், நடக்க முடியாதவர்களைக் கழுதைகள்மேல் ஏற்றினார்கள், எரிகோ வரைக்கும் கொண்டுபோய் விட்டார்கள். எண்ணெய், கழுதை, எரிகோ, சமாரியா. அந்த நியாயசாஸ்திரி வேதம் கரைத்துக் குடித்தவன். இயேசு யாருடைய கதையைத் திரும்பச் சொல்கிறார் என்று அவனுக்கு நிச்சயம் உறைத்திருக்கும்.

---

அமராவதி டீச்சர் | வியாழன், இரவு 9:00

அதனால்தான் "இந்த மூன்றுபேரில் எவன் பிறனாயிருந்தான்" என்று இயேசு கேட்டபோது, "சமாரியன்" என்ற பெயர் அவன் வாயில் வரவில்லை. "அவனுக்கு இரக்கஞ்செய்தவனே" என்கிறான். பங்காளி பேரைச் சொல்லக் கூசுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். "அக்கட்டாலத் தோட்டத்துக்காரன்" என்பார்கள்.

இட்டேரி, கண்ணு, ஒன்று செய். நாளைக்கு அவருக்குப் பதில் சொல்லாதே. யோவான் 4-ஐ அவரையே வாசிக்கச் சொல்லு. அந்த நியாயசாஸ்திரி நித்திய ஜீவனைப் பற்றிக் கேட்டபோது, இயேசு முதலில் என்ன திருப்பிக் கேட்டார் என்று பார்: "நியாயப்பிரமாணத்தில் என்ன எழுதியிருக்கிறது? நீ வாசித்திருக்கிறது என்ன?"

---

ஜெபமாலை | வியாழன், இரவு 9:30

நாளை உங்களுக்காகவும் அந்த இரண்டு குடும்பங்களுக்காகவும் ஒரு ஜெபமாலை சொல்கிறேன் சகோதரி.

---

நொய்யல்கரை | வெள்ளி, காலை 7:05

நானும் ஜெபிக்கிறேன் அக்கா. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அத்தை வீட்டுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். நான்தான் திறந்துவிட்டேன் என்று வாயைத் திறந்து அத்தையிடம் இதுவரைக்கும் சொன்னதில்லை.

---

இட்டேரி | சனி, காலை 5:50

நேற்று நடந்ததை எழுதுகிறேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

பெரியப்பா வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு யோவான் 4-ஐ சத்தமாக வாசித்தார். 12-ஆம் வசனத்தில் வேகம் குறைந்தது. தாண்டிப் போனவர் திரும்ப வந்து அதையே இன்னொரு முறை வாசித்தார். பிறகு 2 நாளாகமம் 28-ஐ என் வீட்டுக்காரர் வாசித்தார். பங்காளி என்ற வார்த்தையை நாங்கள் யாரும் சொல்லவில்லை. லேவியராகமம் 19-ஐ நான் வாசிக்க நினைத்திருந்தேன், நேரம் ஆகிவிட்டது, விட்டுவிட்டேன்.

ஜெபம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் திண்ணையில் உட்கார்ந்து இட்டேரியையே, வேலிகளுக்கு நடுவே போகிற மண் பாதையையே, பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இட்டேரி வழியாகப் போனால் முதலில் வருவது தம்பி வீட்டுக் களம்தான். நான் டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்:

"அம்மிணி, அந்தப் பொம்பள கெணறு ஆழமா இருக்குதுன்னு சொல்றாளே. எத்தன அடி இருக்கும்? தண்ணி இன்னும் இருக்குதுங்களா?"

எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் பெரியப்பா என்று சொன்னேன். எழுந்தவர் எப்போதும் போகிற தார் ரோட்டில் போகவில்லை, இட்டேரிப் பக்கம் போனார். இருட்டிவிட்டது. அவர் களத்துப் பக்கம் திரும்பினாரா, நேராக வீட்டுக்குப் போனாரா என்று எனக்குத் தெரியவில்லை.

யாருக்காவது அந்தக் கிணற்றின் ஆழம் தெரியுமா?

---

ஜெபமாலை | சனி, காலை 8:20

சகோதரி, தெரியும். புனித நாட்டுப் பயணத்தில் நாங்கள் அங்கே போனோம். நாப்லுஸ் ஊரில் இருக்கிறது. மேலே கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கோவில் கட்டியிருக்கிறார்கள், படி இறங்கிக் கீழே போக வேண்டும். ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம் என்கிறார்கள், நம் கணக்கில் 130 அடி. மேலே கல் வாய் வைத்து, உருளையும் வாளியும் இருக்கிறது. கொஞ்சம் தண்ணீரை உள்ளே ஊற்றிக் காட்டினார்கள். அது கீழே விழுகிற சத்தம் வருவதற்குள் நாங்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

தண்ணீர் இருக்கிறதென்று அவரிடம் சொல்லுங்கள். வாளியில் எடுத்துக் கொடுத்தார்கள், நான் குடித்தேன்.